கூரைக் கேசட்டின் கடைசி ஏழு நிமிடம்

கண்ணாடிக்கடைக்காரர் பதினான்கு வருடமாக எழுதிய புத்தகம் வியாழக்கிழமை அச்சுக்குப் போவதாக இருந்தது. அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் 'எக்ஸ்ரே' அந்தக் கேசட்டை முதல் தடவையாகக் கேட்டாள்.

கடைக்குப் பின்னால் கண் பரிசோதிக்கும் அறை. நீளமானது, ஜன்னல் கிடையாது. ஒரு கோடியில் எழுத்துப் பலகை, மறு கோடியில் சாயும் நாற்காலி. ஞாயிறுகளில் பலகைக்குக் கீழே இரண்டு ஸ்பீக்கர்களை வைத்து, ஒரே ஒரு புராக்ரசிவ் ராக் குழுவின் பாட்டுகளைக் கேட்பதும் அவற்றைப் பற்றிச் சண்டை போடுவதும் அங்கே இருபது வருடமாக நடந்து வந்தது. ஆரம்பத்தில் ஒன்பது பேர் இருந்தார்கள். கல்யாணம், இடமாற்றம், காது மந்தம் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டது போக மிஞ்சியவர்கள் கடைக்காரரும் ஒரு பஸ் டிரைவரும். மூன்றாவதாகச் சேர்ந்தவள் எக்ஸ்ரே. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. கண்ணாடி மாற்ற வந்தவள், சுவரில் மாட்டியிருந்த ஆல்பம் அட்டையைப் பார்த்து, இது ரெண்டாவது தடவை அச்சடிச்சது, முதல்ல வந்ததில் வானம் பச்சையாக இருக்கும் என்று சொல்லிவிட்டாள். கடைக்காரர் அன்று அவளுக்குப் பவர் பார்க்க ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார்.

குழு வெளியிட்ட ஆல்பங்கள் ஒன்பது. டிரைவரின் செருப்புப் பெட்டிகளில் இருந்த திருட்டுப் பதிவுகள் அறுபத்தொன்று. கச்சேரிகளில் ரசிகர்கள் ஒளித்துக் கொண்டுபோன மெஷின்களில் பதிந்து, கை மாறி, நகலுக்கு நகலாக வந்து சேர்ந்தவை. அவற்றில் ஒன்றை மட்டும் பத்து ஞாயிறு தவறாமல் வந்தவர்களுக்குத்தான் போட்டுக் காட்டுவார்கள். அதன் பெயர் கூரைக் கேசட். யாரோ ஒரு புண்ணியவான் அரங்கத்தின் கூரைக்கு அடியில், விளக்குக்காரர்கள் நடக்கும் பலகையில் படுத்துக்கொண்டு பதிந்தது. ரசிகர்கள் 'நீளம்' என்று செல்லமாகக் கூப்பிடும் இருபத்திரண்டு நிமிடப் பாட்டு அதில் முழுதாக இருக்கிறது. பாட்டு முடிந்து கைதட்டல், பிறகு ஒரு 'டக்', பிறகு ஏழு நிமிடத்துக்குப் பியானோ மட்டும். வேறு எந்தக் கச்சேரியிலும் குழு அதை வாசித்ததில்லை.

அந்த ஏழு நிமிடம்தான் கடைக்காரருடைய புத்தகத்தின் ஐந்தாம் அத்தியாயம். நாற்பத்தொரு பக்கம். 'நீள'த்தின் தொலைந்துபோன மூன்றாம் பகுதி அது என்பது அவர் கட்சி. அரங்கில் ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை, நாலாயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று எழுதியிருந்தார். மூன்றாம் நிமிடத்தில் விழும் கனமான ஒற்றைச் சத்தத்துக்கு, காலத்தை இரண்டாக வெட்டும் அடி என்று பெயர் வைத்திருந்தார். எல்லாவற்றுக்கும் மேல், ஒரே சுரம் திரும்பத் திரும்ப ஒலித்தபடி மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே போகும் இடம். பியானோவில் சுரத்தை வளைக்க முடியாது. குழுவின் கீபோர்டுக்காரர் அதை எப்படிச் சாதித்தார் என்று கடைக்காரர் ஐந்து விளக்கங்கள் எழுதியிருந்தார். அந்த இடத்தைப் போலி செய்ய முயன்று தோற்ற நான்கு இளம் குழுக்களின் பட்டியலும் இருந்தது. கேசட் தேய்ந்ததால் வந்த கோளாறு அது என்று டிரைவர் ஒருமுறை சொல்லப்போய் இருவரும் மூன்று மாதம் பேசாமல் இருந்தார்கள்.

பத்தாவது ஞாயிறு. பியானோ ஆரம்பித்து நான்கு நிமிடம் ஆகியிருக்கும். எக்ஸ்ரே கையைத் தூக்கி, கொஞ்சம் பின்னால் ஓட்டச் சொன்னாள். மறுபடி கேட்டாள். டிரைவர் கடைக்காரரைப் பார்த்துக் கண் சிமிட்டினார், மயங்கிவிட்டாள் என்ற அர்த்தத்தில்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் எக்ஸ்ரே. "இது யாரோ பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறாங்க."

கடைக்காரர் சிரித்தார். பிறகு, அவள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தார்.

அவளுடைய அப்பா முப்பத்தெட்டு வருடம் செய்த வேலை அது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அவள் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள். சுரம் உயர்வது, கம்பி சுற்றியிருக்கும் ஆணியில் முறுக்குச் சாவியை மாட்டித் திருகும்போது. ஒற்றை அடி, சாவி கைதவறி மரத்தில் விழுவது. இதை அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். மிச்சத்தை டிரைவர் தானாகவே கண்டுபிடித்தார். அதுதான் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"பதிஞ்சவன் மத்தியானமே கூரைக்கு ஏறிட்டான், முதலாளி. மெஷின் ஓடுதான்னு பார்க்க ஒரு பக்கம் முழுக்க ஓட விட்டிருக்கான். சாயங்காலம் அது மேலேயே கச்சேரியைப் பதிஞ்சான். கச்சேரி முடிஞ்சதும் நிறுத்திட்டான். அதுதான் அந்த 'டக்'. அதுக்கப்புறம் அழியாம கிடந்தது மத்தியானத்துச் சத்தம்."

"அப்ப அந்த நாலாயிரம் பேர்?"

"வீட்ல சாப்பிட்டுத் தூங்கிட்டு இருந்திருப்பாங்க."

கடைக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது. இருபது வருடத்தில் கேசட்டில் பழைய பாட்டின் மேல் புதுப்பாட்டு பதிந்து, முடிவில் பழையது எட்டிப் பார்ப்பதை அவர் நூறு தடவையாவது கேட்டிருப்பார். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான். ஐந்தாவது நிமிடத்துக்கு மேல் பன்னிரண்டு சுரங்களில் ஒரு மெட்டு வருகிறதே, அடுத்த வருடம் வந்த ஆல்பம் அதே மெட்டில்தானே தொடங்குகிறது, அதுவும் சுருதி சேர்ப்பதா? அதை அப்பாதான் சொல்ல முடியும் என்றாள் எக்ஸ்ரே. அப்பாவைக் கூட்டி வருவதாகச் சொன்னாள். அந்த அரங்கத்தில் அவர் பல வருடம் வேலை பார்த்தவர்தான்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சுருதிக்காரர் வந்தார். எழுபத்து மூன்று வயது, இஸ்திரி போட்ட சட்டை. பரிசோதனை நாற்காலியில் உட்காரச் சொன்னதும், எனக்குக் கண் நல்லாத் தெரியுது தம்பி என்றார். கேசட் ஓடத் தொடங்கியதும் முகத்தைச் சுளித்தார்.

"இந்தப் பியானோ சுருதி இறங்கி இருக்கே. இப்படி யாரும் விட்டுட்டுப் போக மாட்டாங்க."

பழைய நகல், வேகம் குறைந்திருக்கிறது என்று டிரைவர் விளக்கினார். அவர் அரைமனதாகத் தலையாட்டினார். முதல் ஐந்து நிமிடமும் சுருதி சேர்க்கும் வேலைதான், அதில் சந்தேகமே இல்லை என்றார். இடையில் யாரோ விசிலடித்தார்கள். எங்க அப்பா விசிலடிக்க மாட்டார், அப்ப இது வேற ஆளு என்று எக்ஸ்ரே சொன்னாள். அவள் குரலில் ஒரு ஏமாற்றம் இருந்தது.

"அப்பல்லாம் அடிப்பேன்மா," என்றார் அவர். "பல்லு இருந்துச்சு."

கடைக்காரர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அப்படியென்றால் இது நீங்கள்தானா என்று கேட்டார். இருக்கலாம் என்றார் சுருதிக்காரர். அந்த அரங்கத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் இன்னொருவரும் வருவார், அவரும் விசிலடிப்பார். கடைக்காரர் குழுவைப் பற்றி நினைவுபடுத்தப் பார்த்தார். நீளமான முடி, ஐந்து பேர், ஒருவர் மட்டும் வெள்ளை உடை. எல்லாருமே நீளமாத்தான் முடி வெச்சிருந்தாங்க என்றார் அவர். கச்சேரிக்கு யார் வருகிறார்கள் என்று அவர் பார்த்ததே இல்லை. ஐந்து மணிக்குள் பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விடுவாராம்.

பிறகு அந்தப் பன்னிரண்டு சுரங்கள் வந்தன. சுருதிக்காரர் கண்ணை மூடினார். அவருடைய ஆள்காட்டி விரல் நாற்காலியின் கைப்பிடியில் தட்டத் தொடங்கியது. மெட்டுக்கு அரை நொடி முன்னாலேயே தட்டியது. மூன்று பேரும் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது பாட்டு இல்ல தம்பி. வேலை. நடுவுல இருக்கிற பன்னிரண்டையும் முதல்ல சரி பண்ணணும். ஒண்ணை வெச்சு இன்னொண்ணு, அதை வெச்சு அடுத்தது. முடிச்சதும் ஒரு தடவை அதே வரிசையில தொட்டுப் பார்ப்போம்."

கடைக்காரர் எழுந்து அடுத்த வருடத்து ஆல்பத்தைப் போட்டார். உலகத்தில் எத்தனையோ பேர் தலை ஆட்டிக் கேட்ட தொடக்கம் அது. சுருதிக்காரர் தானும் தலை ஆட்டினார், குறுக்குவாட்டில்.

"ஆறாவது தப்பு. இந்த வரிசையில போனா பியானோ ஊருக்குள்ள தலை காட்ட முடியாது."

டிரைவர் வாயைப் பொத்திக்கொண்டார். கடைக்காரருக்கோ உயிர் வந்தது போல இருந்தது. அப்படியென்றால் கீபோர்டுக்காரர் அன்று மதியம் மேடைக்குப் பக்கத்தில் நின்று உங்கள் வேலையைக் கேட்டிருக்கிறார், அதிலிருந்துதான் மெட்டை எடுத்திருக்கிறார், தாக்கம் உங்களுடையது என்றார். சுருதிக்காரர் யோசித்தார். அந்த வரிசை தன்னுடையது இல்லை, தனக்கு யாரோ சொல்லிக் கொடுத்தது, பலரும் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்வார்கள் என்றார். பிறகு கேசட்டின் அந்த இரண்டு நிமிடத்தை மறுபடி போடச் சொன்னார்.

"இது வேற கை மாதிரியும் இருக்கு. நாங்க அடிச்சுத்தான் பார்ப்போம், அப்பத்தான் கம்பி நிக்குதான்னு தெரியும். இது மெதுவாத் தொடுது. உங்க ஆளு வந்து வாசிச்சுப் பார்த்திருப்பாரு."

கடைக்காரர் 'கீபோர்டுக்காரர்' என்று எழுதி அடிக்கோடு போட்டார். மூன்றாவது தடவை கேட்டுவிட்டு, களைத்துப்போனால் தானும் மெதுவாகத்தான் தொடுவேன் என்றார் சுருதிக்காரர். கடைக்காரர் அடிக்கோட்டை அடித்தார்.

எது எப்படி இருந்தாலும், பின்னிணைப்பில் வாசித்தவர்கள் பட்டியலில் உங்கள் பெயரைப் போட அனுமதி வேண்டும் என்று கேட்டார். எக்ஸ்ரே அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் தம்பி. நாளைக்கு இந்தக் கேசட்டைக் கேட்கிறவன், இவ்வளவு இறங்கின பியானோவை நான்தான் சேர்த்தேன்னு நினைப்பான்."

புதன்கிழமை கடைக்காரர் கடையைத் திறக்கவில்லை. மெய்ப்புத் தாள்களை மேசையில் பரப்பிவைத்து, ஐந்தாம் அத்தியாயத்தைச் சிவப்புப் பேனாவோடு படித்தார். நாலாயிரம் பேரை அடித்தார். காலத்தை வெட்டும் அடியை அடித்தார். ஐந்து விளக்கங்களும் போயின. பன்னிரண்டு சுரங்களைப் பற்றிய பத்தியை அடிக்கும் முன்னால், எதற்கும் இருக்கட்டும் என்று கேசட்டை ஒருமுறை போட்டார். முதலில் சாவியும் ஆணியும்தான் கேட்டன. மனதைப் பழையபடி வைத்துக் கேட்டார், மெட்டு கேட்டது. இரண்டையும் சேர்த்துக் கேட்கப் பார்த்தார், முடியவில்லை. ஆனால் பன்னிரண்டாவது சுரம் வந்தபோது, பதினான்கு வருடமாக நடந்தது போலவே கையில் மயிர் சிலிர்த்தது. இவ்வளவு தெரிந்த பிறகும் அது ஏன் நடக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்த அவர் மனைவி, இன்னும் முடியலையா, இந்தப் புத்தகத்துக்கு ஆகிற வயசில் நமக்கொரு பிள்ளை இருந்திருந்தால் இப்போது ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என்றாள். மெய்ப்புத் தாள்களை அன்று மாலை டிரைவர் தன் பஸ்ஸிலேயே கொண்டுபோய் அச்சகத்தில் கொடுத்தார். நாற்பத்தொரு பக்கம் பதினாறாகியிருந்தது.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அச்சகத்து அம்மாள் போன் செய்தாள். கடைக்காரர் பரிசோதனை அறையில் இருந்தார். நாற்காலியில் ஒரு வாடிக்கையாளர், மூக்கின் மேல் லென்ஸ் மாட்டிப் பார்க்கும் கனத்த சோதனைச் சட்டம்.

"சார், பின்னிணைப்புல கூரைக் கேசட்டுன்னு ஒரு இடம். பியானோன்னு போட்டு ரெண்டு புள்ளி வெச்சிருக்கீங்க. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. பேர் விட்டுப்போச்சா?"

"விட்டுப்போகலை."

"அப்ப 'தெரியவில்லை'ன்னு போட்டுடவா?"

"தெரியலைன்னு சொல்ல முடியாதும்மா."

"அப்ப தெரியுமா?"

அவர் கையில் இரண்டு லென்ஸ்கள் இருந்தன. அவற்றை மாற்றி மாற்றிப் பார்த்தார். போனில் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. எழுத்துப் பலகைக்குக் கீழே ஸ்பீக்கர்கள் இன்னும் எடுக்கப்படாமல் இருந்தன.

"தெரியும்னும் சொல்ல முடியாது."

"காலங்காத்தால ஏன் சார் படுத்துறீங்க. அந்தப் பக்கத்தை ஓட்டட்டுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க."

ஓட்டுங்க என்றார். ரெண்டு புள்ளியும் அப்படியே இருக்கட்டும், அதுக்கப்புறம் கொஞ்சம் இடம் விட்டு ஓட்டுங்க என்றார். எவ்வளவு இடம் என்று அவள் கேட்டாள். ஒருத்தர் பேர் அளவுக்கு என்று சொல்லி, கொஞ்சம் நிதானித்து, ரெண்டு மூணு பேர் அளவுக்கு என்று திருத்தினார்.

போனை வைத்துவிட்டு நாற்காலிக்குத் திரும்பினார். சட்டத்தில் ஒரு லென்ஸை மாட்டி, முன்னால் இருந்தது தெளிவா, இது தெளிவா என்று கேட்டார். வாடிக்கையாளர் பலகையையே பார்த்தார்.

"முன்னால இருந்ததுதான் தேவலை. இல்ல, இருங்க. இதுவோ? இன்னொரு தடவை காட்டுங்க சார்."

அவர் இன்னொரு தடவை காட்டினார்.