மெஷின் கத்தினால் சிவப்புப் பெட்டி

குழந்தைத் துணி தைக்கும் பனியன் கம்பெனியில் பதினோரு வருடமாக ஒரே மெஷினில் நிற்கிறேன். துணிக்குள் உடைந்த ஊசிமுனை இருந்தால் அது கத்தும். கத்திய சட்டை நேராகச் சிவப்புப் பெட்டிக்குப் போகும். கையால் தடவிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று பாஸ் பண்ண முதலாளிக்கே அதிகாரம் கிடையாது. வாயாடி என்று பெயரெடுத்த நான் அந்த மெஷினிடம் மட்டும் எதிர்த்துப் பேசியதில்லை.

என் வீட்டுக்காரர் அருள்செல்வனுக்குச் சாயப்பட்டறையில் வேலை. காய்ச்சலென்று அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் டெஸ்ட் ரிப்போர்ட் வந்தது. சிறுநீரில் இருக்கும் கிருமி வழக்கமான எந்த மருந்துக்கும் சாகாது என்று லேப் மெஷின் சொல்லிவிட்டதாம். மிச்சமிருப்பது ஒரே மருந்து, அது கிட்னியைக் கெடுக்கலாம். டாக்டர் கவிப்பிரியா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மெஷின் சில நேரம் தப்பாகச் சொல்லும், கையால் சோதித்துப் பார்க்க ஒரு நாள் ஆகும், பிரஷர் நன்றாகத்தான் இருக்கிறது, பொறுக்கலாமா என்று கேட்டார்.

"மெஷினே சொல்லிருச்சுங்களே. அப்பறம் கையில என்னத்தப் பாக்கறதுங்க? மருந்தப் போடுங்க," என்றேன். கையெழுத்தும் போட்டேன்.

அதனால் கைச்சோதனையை யாரும் அவசரப்படுத்தவில்லை. தீபாவளி லீவு முடிந்துதான் முடிவு வந்தது. கிருமியை அளவுக்கு மேல் கெட்டியாகக் கரைத்து மெஷினுக்குள் வைத்திருக்கிறார்கள். அது தப்பாகப் படித்துவிட்டது. சாதாரண மருந்துக்கே கிருமி செத்திருக்கும். அதற்குள் அவருக்குச் சிறுநீர் நின்றுபோயிருந்தது.

மருந்தை மாற்றினார்கள், காய்ச்சல் விட்டது, கிட்னி திரும்பவில்லை. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. கையில் குத்தினால்கூட உறைக்காது போலிருக்கிறது. வேலைக்குப் போகிறேன், மெஷின் கத்துகிறது, சட்டையைச் சிவப்புப் பெட்டியில் போடுகிறேன்.

நேற்று டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் வரும்போது அவர் கேட்டார்.

"ஏங் கலை, ஒரு நாள் பொறுத்து கையில பாக்கட்டுமான்னு உங்கிட்ட யாரும் கேக்கலியா?"

"இல்லீங்க," என்றேன். "யாரும் கேக்கலீங்க."

வீடு வந்து சேரும்வரை அந்த டாக்டரம்மாவைத் திட்டிக்கொண்டே வந்தார். நானும் ஆமாங்க, ஆமாங்க என்று தலையாட்டினேன்.