கூரைச் சன்னலும் பதினோராம் கட்டமும்

1

இந்தக் கதை ஓர் அரசாங்கப் படிவத்தின் பதினோராம் கட்டத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் யாராவது அந்தப் படிவத்தை நீட்டி, "இதுதானே உன் கதைக்கு மூலம்?" என்று கேட்டால் நான் திருதிருவென்று விழிக்க வேண்டியிருக்காது.

கட்டத்தின் தலைப்பு, "செய்த வேலையின் விவரம்." அதன் கீழே எட்டுக் கோடுகள். அத்தான் அதை என் முன்னால் போட்டார்.

"எழுத்தாளன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறியே மாப்ள, இந்த எட்டு வரியை எழுதிக் குடு பாப்போம்."

அத்தான் என் அக்காவின் கணவர். சின்ன விமானங்களின் அலுமினியத் தகடுகளை வெட்டி வளைத்து ரிவெட் அடித்து இணைப்பவர். பட்டறையில் அவருக்குப் பெயர் "அரைநூல்". எதைக் காட்டினாலும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "அரை நூல் கூடுதலா இருக்கே" என்பார்.*

* நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அரை நூல் என்பது அதிலும் பாதி. என் புது மூக்குக் கண்ணாடியைப் பார்த்தும் இதையேதான் சொன்னார்.

2

எட்டு வரி எழுத உட்கார்ந்தவன் இத்தனை பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். தொடக்கங்களை மட்டும் இங்கே வைக்கிறேன், நீங்களே பாருங்கள்.

தொடக்கம் ஒன்று: "வானம் என்பது" (வேண்டாம். வானத்தில் தொடங்கிய எந்த வாக்கியமும் என் கையில் உருப்பட்டதில்லை.)

தொடக்கம் இரண்டு: "விமானத்தின் கூரையை வெட்டி இரண்டு சன்னல் வைக்கப்போவதாக அத்தான் சொன்னபோது, அக்கா தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்" (தூக்காமல் என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. அதுதான் வீட்டில் பிரச்சினையே.)

தொடக்கம் மூன்று, சுற்றி வளைக்காமல்: என் அக்கா ஏழு மாதமாக விமானத்தில் ஏறவில்லை. அவளை மறுபடி ஏற்றுவதற்காக அத்தான் கூரையை வெட்டினார்.

மூன்றாவதையே வைத்துக்கொள்வோம்.

3

அக்கா விமானி. கோடை முழுவதும் காட்டுக்கு மேலே வட்டமடித்து, எங்கே புகை எழுகிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. அதற்குத் தோதான வண்டிதான் இது. இறக்கை கூரைக்கு மேல் இருப்பதால் கீழே பார்ப்பதற்கு ஒரு தடையும் இல்லை. மேலே பார்க்கத்தான் வழி இல்லை.

நேராகப் போகும்வரை அது ஒரு குறையாகவே தெரியாது. இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் விமானம் இடப்பக்கம் சாயும். சாய்ந்ததும் இடது இறக்கை கீழே இறங்கி, எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அந்தப் பக்கத்தையே மறைத்துவிடும். அதனால் திரும்புவதற்கு முன்பு அந்த இறக்கையைச் சற்றுத் தூக்கி எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பத்தொன்பது வருடம் அக்கா அப்படித்தான் பார்த்தாள். அன்றும் பார்த்தாள். யாரும் இல்லை. திரும்பினாள். திருப்பம் முடிந்து நிமிர்ந்தபோது, முன் கண்ணாடிக்கு மேலே ஒரு வெள்ளை விமானத்தின் வயிறு. அதில் வழிந்து காய்ந்திருந்த எண்ணெய்க் கறைகூடத் தெரிந்ததாம். அதை ஓட்டியவர் கடைசி நொடியில் மேலே இழுத்துவிட்டார். அதனால்தான் இந்தக் கதையில் என் அக்காவுக்கு வசனம் இருக்கிறது.

அவள் தரையிறங்கி, வண்டியைக் கொட்டகையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையை வைத்தாள். பறப்பதற்காக அந்தக் கட்டைகளை ஏழு மாதமாக யாரும் எடுக்கவில்லை. இடையில் வனத்துறையிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்கள்: இந்தக் கோடைக்கு வருகிறாளா, இல்லை வேறு ஆள் பார்க்கட்டுமா? அக்கா பிடி கொடுக்காமல் பேசி வைத்தாள்.

4

இந்த இடத்தில் என் முதல் வரைவில் "அக்கா பயந்துபோயிருந்தாள்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. எனக்குப் பின்னால் நின்று அக்காவே அதைப் படித்தாள். கதாபாத்திரங்கள் எழுதியவனோடு சண்டைக்கு வருவதாகப் பல கதைகளில் படித்திருப்பீர்கள். என் கதாபாத்திரம் என் காதைத் திருகியது.

"பயந்தேன்னு நான் உங்கிட்ட சொன்னேனாடா?"

"சொல்லலைக்கா. ஆனா ஏழு மாசமா நீ..."

"பயந்தா என்ன? பயந்துக்கிட்டே எவ்வளவோ ஓட்டியிருக்கேன். அந்த ஆள் என்னைப் பாத்தாரு. நான் அவரைப் பாக்கவே இல்ல. அவர் பாத்ததால ரெண்டு வண்டியும் பொழச்சுது. பாக்கறதுக்குச் சம்பளம் வாங்கறவடா நான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வாக்கியத்தை அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக எழுதிப் பார்த்தது இவ்வளவுதான்: "அக்காவுக்குத் தன் கண் மேல் இருந்த" (மிச்சம் வரவில்லை. இப்படியே கிடக்கட்டும்.)

5

வேலையைப் பற்றிக் கொஞ்சம். ஓட்டுபவரின் தலைக்கு மேலே, இரண்டு இறக்கைகளையும் தாங்கும் உத்திரங்கள் இரண்டு குறுக்கே ஓடுகின்றன. அத்தான் அவற்றைத் தொடவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருந்த வெறும் தகட்டை மட்டும் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்றாக வெட்டி எடுத்தார். வெட்டிய ஓரங்களுக்குத் தடித்த சட்டம் வைத்து ரிவெட் அடித்தார். அதன் மேல் கண்ணாடி போலத் தெளிவான அக்ரிலிக் பலகையை வைத்துத் திருகாணி போட்டார். சாயும்போது இறக்கை மறைக்கிற பக்கத்தை இனிமேல் கூரை வழியாகப் பார்க்கலாம். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. அவருக்கு மூன்று வாரம் பிடித்தது.

அந்த மூன்று வாரமும் நான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து பதினோராம் கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். அக்ரிலிக் பலகையோடு ஒரு குறிப்புத்தாள் வந்திருந்தது. அதைப் பார்த்து நல்ல தமிழில், "வெப்பத்தில் பலகை விரிவடையும் என்பதால், துளைகள் திருகாணியைவிடப் பெரிதாகத் துளைக்கப்பட்டன" என்று எழுதினேன். வாக்கியம் நன்றாக வந்திருந்தது. இரண்டு முறை வாய்விட்டுப் படித்து ரசித்தேன்.

அத்தான் அந்தத் தாளைப் படிக்கவில்லை. நான் எழுதியதையும் படிக்கவில்லை. "நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டார். நானும் கூரையைப் பார்க்கவில்லை. அவர் செய்தால் சரியாகத்தான் இருக்கும் இல்லையா?

6

திருகாணிகளை இறுக்கிய அன்று காலை குளிர்ந்திருந்தது. நடுப்பகலில் விமானத்தை வெளியே வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, அத்தான் அக்காவைக் கூப்பிட்டார்.

"ஓட்ட வேணாம். சும்மா ஒரு தடவை ஏறி உக்காரு. உக்காந்து மேல பாரு, போதும்."

அக்கா வந்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். அத்தானின் வாயெல்லாம் பல். தலையை அண்ணாந்தவளின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது. இடப்பக்கம் எட்டிப் பார்த்தாள். அவள் தோள் தளர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

(இந்த இடத்தில் நிறுத்திவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். பல நல்ல கதைகள் இப்படி ஒரு இடத்தில்தான் நிற்கும்.)

"டிக்" என்று ஒரு சத்தம். அவள் தலைக்கு நேர் மேலே, மூலைத் திருகாணியிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, பலகையின் பாதிவரை ஓடி நின்றது.

அக்கா இறங்கினாள். கதவை மெதுவாகச் சாத்தினாள். வீட்டுக்கு நடந்தாள். அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. அண்ணாந்து அந்த விரிசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

7

மறுநாள் காலை அக்கா கொட்டகைக்கு வந்தாள். கையில் படிவம். சாப்பாட்டு மேசை மேல் நான் விட்டுவிட்டு வந்தது.

"துளையெல்லாம் பெருசா போட்டதா இதுல எழுதியிருக்கு. கூரையில அப்படி இல்லையே. யாருடா பொய் சொல்றது, கூரையா நீயா?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் அத்தானைப் பார்த்தேன். அவர் ஏணியில் ஏறி ஒரு திருகாணியைக் கழற்றினார். துளைக்கும் திருகாணிக்கும் நடுவில் ஒரு முடி நுழையாது. இருபத்தாறு வருடமாகத் துளையும் ஆணியும் ஒட்டிப்போகும்படி வேலை செய்த கை, அக்ரிலிக்கிலும் அதையேதான் செய்திருந்தது. வெயிலில் பலகை விரிந்திருக்கிறது. விரிந்து போக அதற்கு இடம் இல்லை.

"என் தப்புதான்" என்றார் அத்தான்.

"பாதிதான் உங்க தப்பு. நடக்காததை நடந்ததா எழுதினவன் இதோ நிக்கறான். இவன் எழுதறதை நீங்க பாக்கல, நீங்க செய்யறதை இவன் பாக்கல. எனக்குப் பாக்கறதுக்குச் சன்னல் வைக்க வந்துட்டீங்க ரெண்டு பேரும்."

திட்டுதான். ஆனால் ஏழு மாதத்தில் அவள் சேர்ந்தாற்போல் அத்தனை பேசியது அன்றுதான். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.*

* நினைக்கிறேன். பார்க்கவில்லை. அவள் அப்போது திரும்பி நின்றாள்.

8

புதுப் பலகைகளுக்குப் பெரிய துளை போட்டபோது அக்கா கூடவே நின்றாள். ஒவ்வொரு துளையையும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தாள். திருகாணியை முழுக்க இறுக்கி, பிறகு கால் திருப்பு தளர்த்தச் சொன்னாள்.

"ஆடுதேம்மா" என்றார் அத்தான்.

"ஆடட்டும்."

"அரை நூல் ஆடுது!"

"கால் நூல்கூட இல்ல. கையை எடுங்க."

எடுத்தார். சொந்த வீட்டை விற்றுவிட்டு வருபவர் போலக் கீழே இறங்கினார். மூன்று நாள் பலகைகள் உச்சி வெயிலில் காய்ந்தன. மூன்று நாளும் அக்கா உள்ளே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை. விமானத் துறையிலிருந்து ஆய்வாளர் அம்மாள் வந்து துளைகளை ஒவ்வொன்றாக அளந்தார். பிறகு பதினோராம் கட்டத்தைப் படித்து, "இவ்வளவு அழகா எழுதினா எனக்குச் சந்தேகம் வருது. மூணு வரியில நடந்ததை மட்டும் எழுதுங்க" என்றார். எழுதினேன். நான் எழுதியவற்றிலேயே சிறந்த மூன்று வரி அதுதான் என்று அக்கா சொல்கிறாள்.

9

பதினான்காம் கட்டம் இன்னும் மிச்சம் இருக்கிறது. "வெள்ளோட்டம்: நாள், ஓட்டியவர், கையொப்பம்." அத்தான் யார் பெயரையும் சொல்லவில்லை. படிவத்தைப் பேனாவோடு கொட்டகை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வேறு விமானியைக் கூப்பிடலாமா என்று நானும் கேட்கவில்லை.

என்னிடம் முடிவுகள் இருக்கின்றன.

அக்கா ஏறுகிறாள். ஆயிரம் அடி உயரத்தில் முதல் இடது திருப்பம். கூரை வழியாகப் பார்க்கிறாள். அங்கே

இன்னொன்று: ஓடுபாதையின் கோடிவரை போய், அப்படியே திரும்பி வந்துவிடுகிறாள். அத்தான் ஒன்றும் கேட்பதில்லை. மறுநாள் மறுபடியும் கோடிவரை

இரண்டையும் பாதியில் விட்டதற்குச் சோம்பல் காரணமில்லை. நடக்காததை நடந்ததாக ஒருமுறை எழுதினேன். அது அக்காவின் தலைக்கு மேலே விரிசலாக ஓடியது. இன்னொரு முறை எழுத மாட்டேன்.

இதை நான் கொட்டகை மேசையில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். காலை ஏழரை மணி. அத்தான் பெரிய கதவைத் தள்ளித் திறக்கிறார். வெளிச்சம் விமானத்தின் கூரை வழியாக இரண்டு கட்டங்களாக இருக்கைகள் மேல் விழுகிறது. ஓட்டுபவரின் இடது இருக்கையில் ஆள் இருக்கிறது.

"டேய், எழுதினது போதும். வந்து கட்டையை எடு" என்கிறாள் அக்கா உள்ளேயிருந்து.

பேனாவை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். பதினான்காம் கட்டம் காலியாக இருக்கிறது. இந்தப் பக்கம் நீங்கள்தான் இருக்கிறீர்கள். உங்களுக்குக் கை துறுதுறுக்கலாம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: பார்த்துவிட்டு எழுதுங்கள்.