ஐந்து மணி வரை முற்றுகை

ஜிப் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் அக்கா என்றுதான் பெயர். ஒவ்வொரு ஜிப்பையும் மேலே இழுத்து, கீழே இழுத்து, பல்லோடு பல் சரியாகக் கடிக்கிறதா என்று பார்த்து அனுப்புவது அவள் வேலை. அவள் கை பட்ட ஜிப் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இப்படிப்பட்ட ஒருத்தி இவ்வளவு பெரிய காரியத்தில் போய்க் கோட்டை விடுவாள் என்று யார் நினைத்தார்கள்? அவளே நினைக்கவில்லை, பாவம்.

விஷயம் இதுதான். பன்னாட்டு வணிக மன்றம் என்று ஒன்று இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று கேட்டால் கம்பெனியில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அது ஒரு கையெழுத்துப் போட்டால் இங்கே ஒரு மெஷின் நின்றுவிடும். ஏற்கெனவே ஒரு முறை அப்படிப் போட்டதில்தான் வெளிநாட்டிலிருந்து மலிவு ஜிப் வந்து இறங்கி, கம்பெனியில் பாதி மெஷினுக்குத் துணி போட்டு மூடினார்கள். அந்த மெஷின்களைப் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்கையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மெக்கானிக் வேறு யாருமில்லை, செக்கிங் அக்காவின் கணவன்.

இப்போது இன்னொரு பட்டியல் வந்திருந்தது. இனி வரியே இல்லாமல் வந்து இறங்கப்போகும் சாமான்களின் பட்டியல். பொத்தானுக்கும் குடைக்கம்பிக்கும் நடுவில் ஜிப்பும் உட்கார்ந்திருந்தது. இது நடந்தால் மிச்சப் பாதிக்கும் துணிதான். ஒரே ஒரு வழி இருந்தது. ஒரு சாமானுக்குத் தொழிலாளிகளிடமிருந்து ஓர் ஆட்சேபணை வந்தாலும் போதும், அதை எடுத்துத் தனியே வைத்து ஒரு வருஷம் விசாரிப்பார்கள். ஆட்சேபணையை மன்றத்தின் இணையப் பக்கத்தில்தான் போட வேண்டும். தபால் கிடையாது, நேரில் கிடையாது. பட்டியலை முடிவு செய்ய மன்றம் ஒரு நாள் குறித்திருந்தது, அன்று மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் கூடும். அதோடு கதவு சாத்தியாகிவிடும், ஆட்சேபணை வராத சாமானெல்லாம் அப்போதே ஏற்கப்பட்டுவிடும்.

"நாங்க போட்டா முதலாளி அழறான்னு சொல்லுவாங்க. நீங்கதான் போடணும்" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஷிப்ட் ஷிப்டாகக் கையெழுத்து வாங்கினார்கள். யார் கையில் ஒப்படைப்பது என்ற பேச்சே எழவில்லை. செக்கிங் அக்கா இருக்கும்போது வேறு யார்?

இதெல்லாம் நேர்வழி. குறுக்குவழி ஒன்று அவள் வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

வேலை போன பிறகு அவள் கணவன் பல மாதம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தான். பேச்சுக் கொடுத்தால் "ம்" என்பான், அவ்வளவுதான். பிறகு யாரோ அவனை ஒரு குழுவில் சேர்த்துவிட்டார்கள். மன்றத்தை எதிர்த்து இணையத்தில் போராடுகிற குழு. பல தேசத்துத் தமிழர்கள் அதில் இருந்தார்கள். யாரும் சொந்தப் பெயரில் இருக்கக் கூடாது, யார் யார் என்று வீட்டிலும் சொல்லக் கூடாது என்பது விதி. அவன் தனக்கு இடிமுழக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டான். வீட்டில் உப்புக் கேட்கவும் வாய் வராத மனுஷன், அங்கே இடியாக இடித்தான். ஒரே மாதத்தில் அவனையே தலைவர்களில் ஒருவனாக்கிவிட்டார்கள். மறுபடி சவரம் செய்துகொண்டான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். அவளுக்கு அதைப் பார்க்கவே கண் கலங்கும்.

அவன் குளிக்கப் போன நேரம் அவன் போனைப் பார்த்து அவளும் அந்தக் குழுவில் சேர்ந்துகொண்டாள், அவனுக்குத் தெரியாமல்தான். தனக்கு 'சும்மா' என்று பெயர் கொடுத்தாள். அவன் எழுதுவதை மதிய இடைவேளையில் படித்து, யாருக்கும் தெரியாமல் ஒரு கைதட்டுப் படம் போட்டுவிட்டு, மறுபடி ஜிப் இழுக்கப் போய்விடுவாள்.

அந்தக் குழுதான் முற்றுகைக்கு நாள் குறித்தது. மன்றம் கூடுகிற அதே நாள், மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை. உலகத்தில் எங்கிருந்தாலும் எல்லாரும் ஒரே நேரத்தில் மன்றத்தின் பக்கத்துக்குள் நுழைய வேண்டும். நுழைந்து, விரலால் இழுத்து இழுத்துப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கூட்டம் தாங்காமல் பக்கம் படுத்துவிடும். வாசலில் போய் உட்கார முடியாதவர்கள் வாசலை அடைக்கிற வழி இது என்று இடிமுழக்கம் எழுதியிருந்தான். கடைசியில் ஒரு கட்டளை: "மூன்று மணிக்கு முன்னால் ஒருத்தரும் அந்தப் பக்கத்தைத் தொடாதீர்கள். மோப்பம் பிடித்து நம்மைத் தடுத்துவிடுவார்கள்."

இங்கேதான் செக்கிங் அக்கா சறுக்கினாள். கட்டளை என்றால் அவளுக்குக் கட்டளை. அதுவும் புருஷன் போட்ட கட்டளை, அதுவும் அத்தனை மாதம் கழித்து எழுந்து உட்கார்ந்து போட்ட கட்டளை. ஆட்சேபணை மனு அன்று காலையிலேயே தயார். ஆபீஸ் கிளார்க் அத்தனை கையெழுத்தையும் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியும் வைத்துவிட்டார்.

"அனுப்பிடலாமாம்மா?"

"மூணு மணி ஆகட்டும் சார். எப்படியும் அப்போ உள்ள போகப்போறேன். ஒரே நடையில ரெண்டு வேலையும் முடிஞ்சிடும்."

காய்கறி வாங்கப் போகும்போதே செருப்பையும் தைத்துக்கொண்டு வருகிற கணக்கு! கிளார்க்குக்கு முற்றுகையைப் பற்றித் தெரியாது. "என்னமோ செய்" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்று அடித்ததும் பக்கத்தைத் திறந்தாள். திறக்கவில்லை. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கம்ப்யூட்டர்தான் பழசு என்று தன் போனில் திறந்தாள், அதிலும் வட்டம். கிளார்க்கின் போனிலும் வட்டம்.

"நெட்டு போச்சா சார்?"

"நெட்டு நல்லாத்தான் இருக்கு. அந்தப் பக்கம்தான் வரலை."

ஒன்றும் புரியாமல் குழுவில் கேட்டாள்: "பக்கம் எனக்குத் திறக்கவே இல்லை. உங்களுக்கெல்லாம் திறக்குதா?"

அவ்வளவுதான். முஷ்டியும் பூவும் பட்டாசுமாகப் படங்கள் வந்து கொட்டின. "படுத்திருச்சு!" "சும்மாவுக்கு ஒரு ஜே!" யாரோ ஒருவர் ஆனந்தக் கண்ணீரே விட்டார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெற்றி என்கிறார்கள். நாமும் இதற்குத்தானே வந்தோம்?

யோசிக்க யோசிக்கத்தான் உறைத்தது. வாசலை அடைத்தாயிற்று. அடைத்த வாசல் வழியாக அவள்தான் உள்ளே போக வேண்டும்.

"ஐயோ, எனக்கு உள்ளே போகணும். ஒரு பத்து நிமிஷம் நிறுத்துங்களேன்" என்று எழுதினாள். சிரித்தார்கள். மறுபடி எழுதினாள், "தயவுசெய்து நிறுத்துங்கள்." இப்போது சிரிப்பு நின்றது. 'அலை' என்ற பெயரில் இருந்த இன்னொரு தலைவர் கேட்டார், "போராட்டத்துக்கு நடுவில் நிறுத்தச் சொல்கிற இந்தச் சும்மா யார்? மன்றம் அனுப்பிய ஆளா?" அவள் பதிலைத் தட்டி முடிப்பதற்குள் இடிமுழக்கத்தின் செய்தி வந்து விழுந்தது: "ஒற்றனை நீக்கிவிட்டேன். தோழர்கள் தொடருங்கள்."

கட்டின புருஷன் வெளியே தள்ளிவிட்டான்! அவளுக்கு வந்ததே கோபம். போன் போட்டாள், எடுக்கவில்லை. எடுத்தால் இழுப்பது நின்றுவிடுமே, அதனால் அழைப்புகளைத் துண்டியுங்கள் என்பதும் அவன் போட்ட கட்டளைதான்.

"சார், நீங்க இதை விடாம அமுக்கிக்கிட்டே இருங்க, திறந்த உடனே அனுப்பிடுங்க" என்று கிளார்க்கை நாற்காலியில் உட்கார்த்திவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். பாதி தூரம் போன பிறகுதான், அவரையும் விடாமல் அமுக்கச் சொல்லி முற்றுகையில் ஓர் ஆளைச் சேர்த்துவிட்டு வந்திருக்கிறோமோ என்று குழம்பினாள்.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு காலேஜ் பெண். மடியில் போன், திரையில் அதே வெள்ளைப் பக்கம், அதே வட்டம். கட்டைவிரலால் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். ஜிப் இழுக்கிற அதே வாகு.

"அம்மாடி, கொஞ்ச நேரம் அதை நிறுத்தேன்."

"ஏன் ஆன்ட்டி?"

"எங்க கம்பெனி மனுவை அதுலதான் போடணும்."

"அவங்ககிட்டப் போய் மனுவா? எங்க தலைமுறை அதையெல்லாம் நம்பறதில்ல" என்று அந்தப் பெண் மரியாதையாகவே சொல்லிவிட்டு, எழுந்து போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். இழுப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அவளைக் கோபித்துக்கொள்ளவும் செக்கிங் அக்காவால் முடியவில்லை. யாருக்காக இழுக்கிறாள்? நமக்காகத்தானே இழுக்கிறாள்!

வீட்டில் அவன் இஸ்திரி போட்ட சட்டையோடு, மாப்பிள்ளை போல மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தான். எதிரே அவன் போன், தங்கையிடம் கடன் வாங்கிய லேப்டாப், போதாததற்கு டிவியிலும் அதே வட்டம். முகத்தில் அப்படி ஒரு களை. அதைப் பார்த்ததும் அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"வா வா, எப்படி வந்த? பாத்தியா, மொத்தமா படுத்திருச்சு!"

"நிறுத்துங்க."

"என்னது?"

"எல்லாத்தையும் நிறுத்துங்க. மனு போகலை."

"எந்த மனு?"

"நம்ம மனுதாங்க, ஜிப்பு மனு! அதை இந்தப் பக்கத்துலதானே போடணும்?"

அவன் திருதிருவென விழித்தான். "அது போன வாரமே போயிருக்கும்னு நெனச்சேனே."

"இன்னிக்குக் காலையிலதான் கையெழுத்தே முடிஞ்சது."

"அப்போ காலையில போட்டிருக்கலாம்ல?"

"மூணு மணிக்கு முன்னாடி தொடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் எப்போ உன்கிட்ட சொன்னேன்?"

"குழுவுல சொன்னீங்க. நான்தான் சும்மா."

அவனுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் பேயறைந்தது போல உட்கார்ந்துவிட்டான். "நான் தூக்கினது உன்னையா?"

"ஆமா. ஒற்றன்னு பட்டம் வேற. அந்தச் சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். மணி ஆகுது, நிறுத்தச் சொல்லுங்க!"

அவன் டிவியை அணைத்தான், லேப்டாப்பை மூடினான். போனைக் கையில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். இதை எழுதினால் இடிமுழக்கத்தின் கதை முடிந்தது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தாலும் எழுதினான்: "தோழர்களே, பத்து நிமிஷம் நிறுத்துங்கள். என் மனைவியின் கம்பெனியிலிருந்து ஒரு மனு உள்ளே போக வேண்டும். சும்மா ஒற்றன் இல்லை, அது என் மனைவி."

பிறகு அலை எழுதினார்: "எச்சரிக்கை! இடிமுழக்கத்தின் போனை யாரோ கைப்பற்றிவிட்டார்கள். மனைவி, மனு என்று கதை விடுகிறார்கள். அவரை நீக்குகிறேன். அவருக்காகவாவது இரண்டு மடங்காக இழுங்கள்!"

இழுத்தார்கள். எத்தனை தேசத்திலிருந்தோ, அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி இழுத்தார்கள். இருவரும் ஒரே போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வட்டம் சுற்றியது. "அவங்களுக்கும் கை வலிக்கும்ல, கொஞ்சம் ஓய மாட்டாங்க?" என்று அவள் முணுமுணுத்தாள். "நம்ம ஆளுங்க ஓய மாட்டாங்க" என்றான் அவன். அதைப் பெருமையாகச் சொன்னானா, வேதனையாகச் சொன்னானா என்று அவனுக்கே தெரியவில்லை.

ஐந்து மணிக்கு முற்றுகை சொன்னபடி முடிந்தது. எல்லாரும் கையை எடுத்தார்கள். பக்கம் ஒன்றுமே நடக்காதது போல அழகாகத் திறந்தது. பட்டியல் இருந்தது. பொத்தான், ஜிப், குடைக்கம்பி. ஜிப்புக்கு எதிரே எழுதியிருந்தது: ஆட்சேபணை இல்லை. ஏற்கப்பட்டது.

அவள் அதை மேலே இழுத்துப் பார்த்தாள், கீழே இழுத்துப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் பக்கத்தில் நின்றான். தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றான்.

"ஷிப்ட் விடற நேரம். எல்லாரும் வாசல்ல இருப்பாங்க. போய் நான்தான் சொல்லணும்" என்று கடைசியில் எழுந்தாள்.

"நானும் வரேன்."

வேலை போன பிறகு அவன் அந்த வாசல் பக்கமே போனதில்லை. இஸ்திரிச் சட்டையோடு இப்போது அவள் பின்னால் நடந்தான்.

கம்பெனி வாசலில் ஒரே கூச்சல். டீக் கடைப் பக்கம் கும்பல் கும்பலாக நின்று போனை ஆட்டினார்கள். இவர்களும் ஆளுக்கொரு பெயரில் குழுவில் இருந்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல்! வேலை நடுவிலும் மேஜைக்கு அடியில் போனை வைத்து இழுத்திருக்கிறார்கள்.

"மெக்கானிக் அண்ணே! வாங்க வாங்க!" என்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பேக்கிங்கில் வேலை பார்க்கிற பெண் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"அக்கா, ரெண்டு மணி நேரம் அசைய விடலையே! ஒரு காக்கா குருவி உள்ள போயிருக்க முடியாது!"

"ஆமாம்மா" என்றாள் செக்கிங் அக்கா. "போக முடியலை."

"சரி, நம்ம மனுவுக்கு என்னக்கா சொன்னாங்க?"

வாசலின் உள்பக்கம் கிளார்க் நின்றார். கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றார்.

"மனு போகலை. நான் நேரத்தோட போடலை" என்றாள்.

அந்தப் பெண் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கலகலவென்று சிரித்தாள். "கேட்டீங்களா, அக்காவுக்கு இன்னிக்குக் குறும்பைப் பாருங்க! செக்கிங் அக்கா மனுவைப் போட மறந்துட்டாங்களாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் கணவன் ஒருவன்தான் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று அவள் காத்திருந்தாள். அடங்கியதும் மறுபடி சொன்னாள்.