வளர்த்திக்கு விட்ட துணி

உடுப்பு மர்சியாவின் இடுப்போடு நின்றுவிட்டது. லண்டனில், லாட்புரோக் குரோவில் ஒரு பழைய மண்டபத்துக்குள், தையல் மெஷின்களுக்கும் இறகுக் குவியல்களுக்கும் நடுவே அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளை மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். மறுநாள் கார்னிவல் ஊர்வலம். உடுப்பைத் தைத்த எமில்டா வாயில் குண்டூசிகளோடு அவளைப் பார்த்தபடி இருந்தாள். அளவெடுத்துத்தானே தைத்தோம் என்று திரும்பத் திரும்ப நினைத்தாள்.

இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவள் மெற்றில்டா. இருவருக்கும் ஊர் மன்னார், இப்போது லூயிஷாமில் பக்கத்துப் பக்கத்து வீடு. "ஒரு பாண்டுக்குத் தைக்க ஆள் தேடுகினம், வாறியே?" என்று அவள் கேட்டபோது, கோயில் பெருநாளுக்கு ஊதிக்கொண்டு வரும் வாத்தியக்காரரின் சிவப்புக் கோட்டுகள்தான் எமில்டாவின் மனதில் வந்தன. வந்து பார்த்தால் மருந்துக்கும் ஒரு குழல் இல்லை. ஒரே கதைக்கு உடுத்திக்கொண்டு ஊர்வலத்தில் ஆடிப்போகிற கூட்டத்தைத்தான் திரினிடாட் தீவுக்காரர் 'மாஸ் பாண்ட்' என்கிறார்கள். நீ எந்த பாண்ட் என்று அவர்கள் ஒருவரையொருவர் விசாரிப்பது, நீங்கள் எந்தக் கோயில் பங்கு என்று மன்னாரில் கேட்பது மாதிரியே இருந்தது. எமில்டாவுக்கு அது பிடித்துப் போயிற்று.

இந்த வருடக் கதை கடலடி. மண்டபம் முழுக்க நீலத் துணி தொங்கியது. பின்னேர வெயில் அதற்குள்ளால் வரும்போது சுவர்களும் கதிரைகளும் தண்ணீருக்குள் அசைவது போலிருக்கும். மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரங்களில் மகள் இம்மாகுலேற் வருவாள், எமில்டாவின் கண்ணுக்கு மட்டும். துணிகளுக்கு நடுவே ஈரத் தலையோடு நீந்தி, அம்மாவின் மெஷினைச் சுற்றிவிட்டுப் போவாள். எமில்டா அவளைக் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டால் போய்விடுவாள் என்று பயம். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டைக்குள் மடு அகதி முகாமில் தன் அக்காவிடம் விட்டுவிட்டு வந்தபோது மகளுக்குப் பதினாலு வயது. நாலு வருடமாக ஒரு செய்தியும் இல்லை.

பாண்டின் தலைவி ஹையசிந்த் மர்சியாவிடமிருந்து உடுப்பைக் கழற்றி வாங்கி உட்பக்கம் திருப்பினாள். பக்கத் தையலுக்குள் மூன்று விரல் அகலத்துக்குத் துணி மடிந்து கிடந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஒருநாள் ஆடிவிட்டுக் கழற்றிப் போடுகிற உடுப்புக்குள் இவ்வளவு துணியை யாருக்கு ஒளித்து வைத்தாய் என்று கேட்டாள்.

மெற்றில்டா எட்டிப் பார்த்தாள். "என்னடி, வளர்த்திக்கு விட்டிருக்கிறாய்?"

"ஓம். வளருற பிள்ளையெல்லே" என்றாள் எமில்டா. சொன்ன பிறகுதான் தான் யாருடைய அளவுக்குத் தைத்திருக்கிறோம் என்பது அவளுக்கே தெரிந்தது.

மெற்றில்டாவின் முகம் மாறிவிட்டது. "எமில்டா, அவளுக்கும் இப்ப பதினெட்டாகியிருக்குமடி."

"எனக்குத் தெரியாதே? நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேணுமே?"

நல்ல கோபம் வந்தது அவளுக்கு. பதினெட்டு வயது மகள் எப்படி இருப்பாள் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தது அந்தப் பதினாலு வயதுச் சின்னவளை மட்டுந்தான். இந்தத் தையலைப் பிரித்தால் அவளும் இனி வரமாட்டாள். வேறு துணி வெட்டலாமா என்று எமில்டா கேட்டாள். துணி முடிந்துவிட்டது என்றாள் ஹையசிந்த். மர்சியா ஒரு சால்வையைப் போர்த்துக்கொண்டு நின்றாள். அவள் பாவம், இதற்காக வருடம் முழுக்கக் காத்திருந்தவள்.

"இஞ்ச தா, நான் பிரிக்கிறன்" என்று மெற்றில்டா கை நீட்டினாள்.

"வேண்டாம். நான்தான் பிரிக்கோணும்."

எமில்டா ஜன்னலோரம் போய் இருந்து ஒவ்வொரு நூலாக வெட்டினாள். அவசரப்படவில்லை. பிறகு ஒரு விரல் அளவு மட்டும் விட்டு ஓரத்தைத் தைத்துக் கொடுத்தாள்.

இம்முறை உடுப்பு சரியாக இறங்கியது. ஆன்ரி, ஆன்ரி என்று துள்ளினாள் மர்சியா. கீழ்க்கரையை மடிக்க வேண்டியிருந்தது. எமில்டா முழங்காலில் நின்று ஊசிகளைக் குத்திக்கொண்டே போனாள். கடைசி ஊசியைக் குத்திவிட்டு நிமிர்ந்தாள். நீல வெளிச்சத்தில், பதினெட்டு வயதுப் பிள்ளையின் முகம் வெகு உயரத்தில் இருந்தது.