உப்புப் பார்க்க வந்தவள்

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் பால் வெட்டுவதையே நிறுத்திவிட்ட காலம் அது. தை பிறந்ததும் ரப்பர் மரங்கள் வழக்கம்போல இலை சிவந்து உதிர்த்தன. மனிதர் வயிற்றைப் பற்றி மரங்களுக்கு என்ன கவலை? தெஹியோவிட்டைக்கு இறங்கும் பாதை முழுக்கச் செவ்விலை. அதில் நடந்த மூக்காயிக்குக் கால் தரையில் படுவதாகவே தெரியவில்லை. பட்டினி உடம்பை அப்படி லேசாக்கிவிடுகிறது. மலை கொஞ்சம் மிதந்தது, பாதை கொஞ்சம் மிதந்தது, இடுப்பிலிருந்த மகள் தங்கம்மாவும் பஞ்சுபோல மிதந்தாள். பிள்ளை கனக்காமல் போனதுதான் அவளைப் பயமுறுத்தியது.

புருஷன் இருளப்பன் மாணிக்கக் குழியில் கூலி தேடி எஹலியகொடப் பக்கம் போனவன். இன்னும் ஒரு தகவலும் இல்லை.

கடைவீதியில் ஜமால்தீன் முதலாளியின் வீட்டு வாசலில் நோன்பு மாதம் முழுக்கப் பொழுது சாயக் கஞ்சி ஊற்றினார்கள். தோட்டத்து ஆட்களுக்கென்று, இறைச்சி போடாமல், தனிப் பானை வைத்தாள் முதலாளியின் மனைவி உம்மு குல்தூம். தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயமே அந்த வாசலில் வரிசையாக நின்றது. மூக்காயி மட்டும் வீட்டுக்குப் பின்புறம் வேலியோரக் கித்துள் மரத்தடியில் நின்று வாசனை பிடித்தாள். வரிசையில் நிற்க மாட்டாளாம்! மலையிலேயே அதிகமாக ரப்பர்ப் பால் எடுத்தவள், சட்டி ஏந்தி நிற்பதா? வீம்பென்றால் அப்படியொரு வீம்பு. பெற்ற பிள்ளை வாடிக்கொண்டிருக்கையில் இதென்ன பிடிவாதம் என்று கோபம்தான் வருகிறது. ஆனால் பிச்சை என்று நினைத்த மாத்திரத்தில் அவளுக்கு மூச்சே அடைத்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

மறுநாளும் அவள் அங்கேயே நின்றாள். வேலிப் படலையைத் திறந்துகொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டபடி உம்மு குல்தூம் எட்டிப்பார்த்தாள்.

"அனே புள்ள, ஒரு ஒதவி செய்ய ஏலுமா? நான் நோம்பு. கஞ்சில உப்பு சரியாண்டு பாக்க ஆளில்ல. சில பேர் நாக்கு நுனில வெச்சிப் பாத்துட்டுத் துப்புவாங்க. எனக்கு மனசு வாரல்ல."

மூக்காயி நிமிர்ந்தாள். "வேலைங்களா?"

"வேலதான். வாங்க உள்ளுக்கு."

அடுப்படி முழுக்க ஆவி. அதற்குள் அந்த அம்மாள் இருப்பதும் மறைவதுமாக இருந்தாள். தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்த கஞ்சியை மூக்காயி வாயில் வைத்தாள். இஞ்சி, வெந்தயம், தேங்காய்ப்பால். இத்தனை நாள் மிதந்துகொண்டிருந்த மலை மெல்ல இறங்கித் தன் இடத்தில் உட்கார்ந்தது.

"உப்பு கொஞ்சம் பத்தலீங்க."

ஒரு சிட்டிகை விழுந்தது. "இப்ப?" மறுபடி ஒரு சிரட்டை. "அந்தச் சின்னப் புள்ளயும் பாக்கட்டுமே." தங்கம்மாவும் பார்த்தாள். ஒரு பானைக்கு இவ்வளவு உப்புப் பார்த்தது தெஹியோவிட்டையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். போகும்போது கூலியாக ஒரு சட்டிக் கஞ்சி கிடைத்தது. மூக்காயி தலை நிமிர்ந்து லயத்துக்கு ஏறினாள்.

அன்று முதல் அதுவே அவள் உத்தியோகம். மகள் மெல்ல மெல்லக் கனக்கத் தொடங்கினாள்.

பெருநாள் வந்தது. பெருநாள் முடிந்தும் பசி முடியாததால் முதலாளி பானையை அடுப்பிலிருந்து இறக்கவில்லை. ஆனால் நோன்பு முடிந்துவிட்டதே, இனி உப்புப் பார்க்க ஆள் எதற்கு என்று கலங்கியபடி மூக்காயி வேலியருகே வந்தாள்.

"நிக்கிறீங்களா? வாங்க வாங்க. பெருநாளுக்குப் பொறகு ஆறு நோம்பு ஈக்குது எங்களுக்கு" என்றாள் உம்மு குல்தூம்.

ஆறும் முடிந்தன. "பேறுகாலத்துல, காய்ச்சல்ல விட்ட நோம்பெல்லாம் கடனா ஈக்குது புள்ள. அதப் பிடிக்கிறேன்." மூக்காயிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. கூப்பிட்டார்கள், வந்தாள். மொட்டை மரங்களில் செம்புநிறத் தளிர் விட்டது. அந்த அம்மாளின் கன்னம் ஒட்டிப்போனது. பானையை இறக்கும்போது ஒருநாள் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்கு மறுநாள், படலையில் கை வைத்த மூக்காயியின் காதில் முதலாளியின் குரல் விழுந்தது.

"விட்ட நோம்பெல்லாம் எப்பயோ முடிஞ்சி. கண்ணெல்லாம் உள்ளுக்குப் போயிட்டு. இந்த வெயில்ல இன்னும் என்னத்துக்கு நோம்பு?"

"மெல்லமாப் பேசுங்க. நான் நோம்ப விட்டா உப்ப நானே பாக்கணும். பொறகு அந்தப் புள்ள இந்தப் பக்கம் வராது. அதுட கொழந்தைக்கு என்ன வழி?"

மூக்காயிக்கு முகம் தீயாகச் சுட்டது. ஏமாற்றிவிட்டார்களே என்று ஒரு கணம் ஆத்திரம். அடுத்த கணமே அழுகை பொங்கியது. தன் வீம்புக்காக ஒருத்தி வயிறு காய்ந்துகொண்டிருந்திருக்கிறாள். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டா?

அவள் படலையைத் திறக்கவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போய் வரிசையின் கடைசியில் நின்றாள். லயத்துச் சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. முறை வந்தபோது முதலாளி திகைத்துப் போனார்.

"என்ன மூக்காயி, இங்க?"

"அம்மாகிட்டச் சொல்லுங்க முதலாளி. நாளைக்கு நோம்பு வேணாம், உப்ப அவங்களே பாத்துக்கட்டும். நான் இனிமே இங்கதான் வருவேன். தெனமும் வருவேன்."

ஜமால்தீன் அகப்பை நிறையக் கஞ்சியை அள்ளினார். மூக்காயி இரண்டு கைகளையும் நீட்டித் தன் சட்டியை ஏந்திப் பிடித்தாள்.