ராணி இல்லாத பெட்டி

மீனைக் கையில் எடுத்தால் திலகவதி முதலில் வயிற்றைத் தடவிச் சினை இருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். முதுநகர் மீன்காரக் குடும்பத்தில் பிறந்தவளுக்கு முட்டை என்றாலே நல்ல சேதி, நிறைய முட்டை என்றால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் கொல்லையில் முருங்கையடியில் இருந்த தேன் பெட்டியைத் திறந்து, அடையில் குழிக்குக் குழி இரண்டு மூன்று முட்டைகளைப் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெட்டியை அவள் வெறும் தேனுக்காக வளர்க்கவில்லை. புருஷன் ஜெயசீலன் வருஷம் முழுக்க மங்களூர்ப் படகில் கிடப்பவன். அங்கே மீன்பிடித் தடைக்காலம் என்று வீட்டுக்கு வந்திருந்தான், ஆடி நடுவில் திரும்ப வேண்டும். கல்யாணமானதிலிருந்து ஒரு தீபாவளிக்குக்கூட அவன் வீட்டில் இருந்ததில்லை என்பது அவளுக்குத் தீராத ஆற்றாமை. பெட்டியைப் பிரித்துப் பெருக்கினால் முந்திரி பூக்கும்போது பண்ருட்டித் தோப்புகளில் வைக்கலாம், மற்ற நாளில் உள்ளூர்ப் படகு இருக்கிறது, நீ எதற்குப் போக வேண்டும் என்று கேட்டிருந்தாள். முதலில் ஈ பெருகட்டும், பார்க்கலாம் என்று பிடிகொடுக்காமல் சொல்லியிருந்தான் அந்த மகராசன்.

இதோ பெருகிவிட்டதே! அடையைப் படம் பிடித்துச் சிதம்பரத்திலிருக்கும் அனுப்பிரியாவுக்கு அனுப்பினாள். தேனீ வளர்ப்புப் பயிற்சியில் பழக்கமான சிநேகிதி அவள், வீட்டைச் சுற்றிப் பெட்டியாக வைத்திருப்பவள். படம் போன சூட்டோடு கூப்பிட்டுவிட்டாள்.

“ராணி ஒரு குழிக்கு ஒண்ணுதான் வைக்கும், திலகா. இது வேலைக்கார ஈங்க வச்ச முட்டை. உன் பெட்டியில ராணியே இல்ல.”

பிறகு பொறுமையாக விளக்கினாள். ராணியின் உடம்பு வாசம் ஈக்கு ஈ தொற்றிப் பெட்டி முழுக்கப் பரவியிருக்கும். அதுவும் புழுக்களின் வாசமும் இருக்கிற மட்டும் வேலைக்கார ஈக்களுக்கு வயிற்றில் முட்டை ஊறாது. ராணி போய்ப் புழுவும் தீர்ந்தால் ஆளாளுக்கு முட்டை வைக்கக் கிளம்பிவிடும். ஆணோடு சேராமல் வைத்த முட்டை, அதனால் அத்தனையும் ஆணாகத்தான் பொரியும். ஆண் ஈ உட்கார்ந்து தின்னுமே ஒழியத் துளித் தேன் கொண்டுவராது. கொஞ்ச நாளில் பெட்டி காலியாகிவிடும். தேன் எடுத்த அன்று அவசரமாக அடை கட்டிய மரச்சட்டத்தைச் செருகியதில் ராணி நசுங்கியிருக்கலாம் என்றாள்.

திலகவதி அழுதே விட்டாள். ஒரே வழி, நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள சட்டத்தை எடுத்து வாரத்துக்கு ஒன்றாக இதில் வைப்பது. புழு வாசத்தில் ஈக்கள் மெல்ல அடங்கும், மனது வைத்தால் அந்தப் புழுவிலிருந்தே ஒரு ராணியை வளர்த்துக்கொள்ளும். சட்டம் நான் தருகிறேன் என்றாள் அனுப்பிரியா.

சரி, அப்படியென்றால் நான் கிளம்புகிறேன் என்று ஜெயசீலன் சொல்வான் என எதிர்பார்த்தாள். அவனோ ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறிவிட்டான். ஐஸ் போட்டுத் தொலைக்காதே, புழு செத்துவிடும், சூடாகத் துண்டு சுற்றி எடுத்து வா என்று தெருமுனை வரை ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. திரும்பும்போது பக்கத்து சீட்டுக்காரர் மீன் நாறுகிறது என்று முகம் சுளித்தாராம், உள்ளே இருப்பது தேனீப் புழு என்று கேட்டதும் எழுந்தே போய்விட்டாராம்.

முதல் சட்டத்தை ஈக்கள் சட்டை செய்யவில்லை. இரண்டாவதுக்கும் அதே கதை. மூன்றாவதை வைத்துச் சில நாளில் அவன் பயணம். பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று இருவரும் பெட்டியைத் திறந்தார்கள். அடையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலை போல ஒரு கூடு தொங்கியது, ராணிக்கென்று ஈக்கள் கட்டிய கூடு. அதை மொய்த்துக்கொண்டு வேலை நடந்தது.

ஜெயசீலன் வெகுநேரம் பார்த்தான். அங்கேயே நின்று படகு முதலாளிக்குப் போன் போட்டு, இந்த வாட்டி வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

சந்தோஷத்தைவிட அவளுக்குப் பயம்தான் முதலில் வந்தது.

“மாமா, ராணி இன்னும் வெளியவே வரல. வந்து ஆண் ஈயோட சேரப் பறக்கறப்ப கரிச்சான் குருவி கொத்திக்கினு போயிட்டா இன்னா பண்ணுவ?”

அவன் மூடியை மெதுவாகப் பொருத்தினான்.

“சிதம்பரத்துக்கு பஸ்ஸா இல்ல? இன்னொரு சட்டம் எடுத்தாறேன்.”