இருபத்தொன்பதாம் நோன்பின் பிறை

1943-இல் சென்னையில் படித்தவர்களுக்கு யுத்தம் என்றால் அரிசித் தட்டுப்பாடுதான் ஞாபகம் வரும். எனக்கு நட்சத்திரங்கள். இருட்டடிப்பு உத்தரவால் தெருவிளக்கெல்லாம் அவிந்துபோக, விடுதி மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தால் பால்வீதி மூக்குக்கு மேலேயே கிடந்தது. ஜப்பான்காரன் குண்டு போடுவானோ என்று மற்றவர்கள் மேலே பார்த்தார்கள். பௌதிக ஆனர்ஸ் மாணவனான நான் வெட்கமில்லாமல் சந்தோஷமாகப் பார்த்தேன். இந்த ஒளி கிளம்பியபோது எங்கள் தருமபுரியே இருந்திருக்காது என்று நினைத்தால் உடம்பு லேசாகிவிடும். பாயோடு மிதப்பேன்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஊசலை ஆட்டி, புவியீர்ப்பின் அளவைக் காணும் சோதனை ஒன்று உண்டு. விடைதான் புத்தகத்திலேயே இருக்கிறதே என்று ஊசலைப் பாதியில் நிறுத்திவிட்டு, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நோட்டை நிரப்பினேன். முழு மதிப்பெண் கொடுத்தார்கள். அன்றிலிருந்து அந்த நோட்டைத் திறக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

புரட்டாசி விடுமுறைக்கு மொரப்பூரில் ரயிலிறங்கி, பெட்ரோல் கிடைக்காமல் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் தருமபுரி வந்து சேர்ந்தபோது ரமலான் முடிய ஒரு வாரம் இருந்தது. என் அத்தா தாவூது புளி மண்டி வைத்திருந்தார். வந்த அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"நசீரு, பெருநாளோட படிப்பு போதும். மண்டியப் பாரு. நீ வானத்தப் பாத்துக்கிட்டு இருந்தா புளி மூட்ட தானா வண்டியில ஏறுமா?"

இன்னும் ஓராண்டுதான் பாக்கி. அம்மா ஹாஜிராதான் குறுக்கே வந்தாள்.

"ஏண்டா, பெருநாள் பிறை என்னிக்குத் தெரியும்னு ஒன் படிப்பு சொல்லுமா?"

"சொல்லும்மா."

கப்பல்காரர்களின் வான அட்டவணையிலிருந்து எழுதி வந்த எண்கள் என் பெட்டியில் இருந்தன. இரண்டு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இருபத்தொன்பதாம் நோன்பு மாலை, சூரியன் மறைந்த பிறகு முக்கால் மணி நேரம் வரை, மேற்கே பென்னாகரம் பக்கம், சற்றுத் தெற்கே. வானம் தெளிந்திருந்தால் கட்டாயம் தெரியும்.

அத்தா சிரித்தார். "அன்னிக்குப் பிறை கண்டா நீ போயிப் படி. காணலன்னா மண்டியில உக்காரு." சொன்னதோடு நிற்காமல், தெரு முழுக்க என் கணக்கைப் பற்றிச் சொல்லியும் வைத்தார். அவருக்குப் பெருமையா, கேலியா, தெரியவில்லை.

அன்று மாலை பார்த்துத்தான் மேகம் திரள வேண்டுமா? ஏரிக்கரையில் சாமைக் கஞ்சி குடித்து நோன்பு திறந்துவிட்டு, ஊரே மேற்கே பார்த்து நின்றது. மேகம் அசையவில்லை. திடீரென்று தையற்காரர் ஒருவர், "அதோ, கண்டேன்!" என்று கத்தினார். எல்லோரும் திரும்புவதற்குள் மேகத்தில் திறந்த இடுக்கு மூடிக்கொண்டது.

"பெருநாளுக்கு ரெண்டு சாட்சி வேணுங்க. வேற யாரு பாத்தீங்க?" என்றார் இமாம்.

அத்தா தொண்டையைச் செருமினார். "எம் மவன் அந்தப் பக்கந்தான் பாத்துக்கிட்டு இருந்தான்."

அத்தனை முகங்களும் என்னிடம் திரும்பின. மேகத்துக்குப் பின்னால் பிறை இருந்தது. என் பெயரில் எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயம் அதில் எனக்கு இருந்தது. 'கண்டேன்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். மொட்டைமாடி, பாய், பால்வீதி எல்லாம் எனக்குத் திரும்பக் கிடைத்துவிடும். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது அந்தப் பாழாய்ப்போன ஊசல் நினைவுக்கு வந்தது.

"பிறை இருக்குதுங்க," என்றேன். "ஆனா நான் பாக்கலீங்க."

யாரோ சிரித்தார்கள். அத்தா என்னைப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார். தங்கை ஷகிலா பெருநாளுக்கென்று அரைத்து வைத்திருந்த மருதாணியை மூடி வைத்துவிட்டு என்னோடு பேச மறுத்தாள். ஒரு சாட்சி போதாததால் ஊர் முப்பதாம் நோன்பும் பிடித்தது. நான் புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டேன். அழுகையாக வந்தது.

மறுநாள் மாலை வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. தேடவே வேண்டியிருக்கவில்லை. பிறை நல்ல உயரத்தில், தடிப்பாக நின்றது. "இது ரெண்டாம் பிறையாச்சே!" என்றார்கள். எனக்கு மண்டியும் மறந்துவிட்டது, பரணும் மறந்துவிட்டது. பிறைக்குள் மீதி நிலா மங்கலாகத் தெரிந்தது. அது பூமியின் வெளிச்சம். ஏதோ கடலிலும் காட்டிலும் பட்ட வெயில் அங்கே போய், திரும்ப என் கண்ணுக்கு வந்திருக்கிறது. காலடியில் ஏரிக்கரை இருப்பதே தெரியாமல் நின்றேன்.

பக்கத்தில் அத்தா வந்து நின்றார்.

"நேத்தே இருந்திருக்குது."

"ஆமாங்கத்தா."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ கெலிச்சிருப்ப. ஒங்க படிப்புல பொய்யே சொல்ல மாட்டீங்களா?"

மறைக்கத் தோன்றவில்லை. "ஒரு தடவ சொல்லியிருக்கேங்கத்தா. பாக்காததப் பாத்தேன்னு நோட்டுல எழுதிட்டேன். முழு மார்க்கு போட்டாங்க."

அத்தா பிறையிலிருந்து என் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஒனக்குப் படிப்பு இன்னும் முடியல," என்றார். "மொரப்பூர் பஸ்ஸு எத்தன மணிக்குன்னு விசாரிச்சு வையி."